இரண்டாவது சாவி

நூறு நிமிடம் கல்யாணசுந்தரம் அந்தக் கதவுக்கு வெளியே கிடந்தார். கட்டடத்து வாசல் கேமராவில் அவர் உள்ளே நுழைந்த நேரம் மதியம் இரண்டு நாற்பத்து மூன்று. லிஃப்ட் ஒரு வாரமாகப் பழுது. நான்கு மாடி ஏற அவருக்கு மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த நாத்தூர் அவரைக் கண்டபோது நான்கு இருபத்தாறு. கட்டடத்துக் காவல்காரரை ஃபுஜைராவில் எல்லோரும் நாத்தூர் என்றுதான் சொல்வார்கள்.

நான்காவது மாடியில் ஒரே ஒரு வீடு. எதிரே மொட்டைமாடிக்குப் போகும் கதவு. வேறு யாருக்கும் அதுவரை ஏறி வர வேலையில்லை. வீட்டுக்குள் ஏழு பெண்கள் இருந்தார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி கல்யாணசுந்தரத்தின் வலது கைக்குள் இருந்தது.

நாத்தூர் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்து, முதலில் கதவைத் திறந்தார். பிறகு சாவியைக் கல்யாணசுந்தரத்தின் சட்டைப் பையில் போட்டார். அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வாசலில் வந்து குவிந்த பெண்களைப் பார்த்து, "பெஹன், தாலா மாஃபி" என்றார். பூட்டு இல்லை. "போலீஸ் பூச்சேகா, தாலா மாஃபி. ஸப் ஸோயா தா. கலாஸ்."

போலீஸ் கேட்டது. கதவு பூட்டவில்லை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம் என்று அப்படியே சொன்னார்கள். ஏழு பேரில் ஆறு பேர் தூங்கியது உண்மையும்கூட. விடிந்த பிறகு படுக்கிறவர்கள் ஐந்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்கள். விழித்திருந்தவள் பானுமதி மட்டும்தான். சமையலறை வாசற்கதவை ஒட்டி இருந்தது.

"உங்களுக்குமா அக்கா ஒண்டும் கேக்கல்ல?" என்றாள் ஹிஃப்ஸா, அழுது முடித்த பிறகு.

"சட்னி அரைச்சுட்டு இருந்தேன். மிக்சி ஓடிட்டிருந்துச்சு."

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஓடினால் வீட்டையே தூக்குகிற மிக்சி அது.

மூன்றாம் நாள் காலை பானுமதியின் போனில் ஒரு பெண் பேசினாள். சின்னக் குரல், கேட்கிறவர் காதை நெருக்கிப் பிடிக்க வேண்டிய குரல்.

"நான் சம்யுக்தா. கல்யாணசுந்தரத்தோட பொண்ணு. அப்பா போன்ல உங்க நம்பர்தான் நிறைய தடவ இருந்துச்சு."

பானுமதி எழுந்து நின்றாள். கல்யாணசுந்தரத்துக்கு ஒரே மகள் என்பதும், அவள் துபாயில் அல் குசைஸில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள் என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா ஃபுஜைராவில் சூப்பர்மார்க்கெட் வைத்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் ஷ்யாமின் ஆபீசில் யாரோ, உன் மாமனாரின் 'மல்லிகை' டான்ஸ் பாருக்குப் போய்விட்டு வந்தோம் என்று சிரித்திருக்கிறார்கள். அன்றோடு பேச்சு நின்றது. பெண்கள் விசாரித்தால், "பாப்பா பிஸி" என்பார் கல்யாணசுந்தரம்.

"இன்னைக்கு சாயங்காலம் ஏழு மணி ஃப்ளைட்ல அப்பாவ திருச்சிக்குக் கொண்டு போறோம். மூணு மணிக்குப் பெட்டிய மூடிருவாங்க" என்றாள் சம்யுக்தா.  "நீங்க வாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

என்ன கேட்பாள் என்று பானுமதிக்குத் தெரியும். போகாமல் இருந்துவிடலாம். மிக்சி ஓடியது என்று போனிலேயே சொல்லிவிட்டால் இன்றோடு முடிந்துபோகும்; பெட்டியோடு அந்தப் பெண்ணும் போய்விடுவாள். "வர்றேம்மா" என்று சொன்னது தன் வாய்தானா என்று போனை வைத்த பிறகு அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கிளம்பும்போது அரிசி டின்னுக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நானும் வாறேன் அக்கா" என்றாள் ஹிஃப்ஸா. புத்தளத்துப் பெண், இருபத்து மூன்று வயது. அவள் தோளில் ஒரு துணிப்பை. உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் ரோஜா மாலை.

"அடியே, அத எதுக்குடி எடுத்த? அந்தப் பிள்ளை கண்ணுல பட்டா என்ன நினைக்கும்?"

"வேற என்னத்த கொண்டு போற? இது அவர் கையால கழுவினது."

மாலைதான் 'மல்லிகை'யின் தொழில். ஒரு பழைய ஹோட்டலின் முதல் மாடி. சின்ன மேடை, மேடைக்கு எதிரே பதினான்கு மேசைகள். பெண்கள் பாவாடை தாவணியிலும் பட்டுப்புடவையிலும் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். பிடித்த பெண்ணுக்கு வாடிக்கையாளர் ஒரு மாலை வாங்குவார். வெயிட்டர் அதை மேடைக்குக் கொண்டுபோய் அவள் கழுத்தில் போடுவான். பாட்டு முடிந்ததும் அந்த மாலை கழற்றப்பட்டு கவுண்டருக்குத் திரும்பும். அடுத்த மேசைக்கு அதையே விற்பார்கள். ஒரே மாலை ஓர் இரவில் இருபது கழுத்து ஏறும். மாதம் முழுதும் மாலை விழாத பெண்ணுக்கு ஊர் டிக்கெட் போட்டுவிடுவார்கள்.

அந்த மாலைகளை வெள்ளிக்கிழமைதோறும் கல்யாணசுந்தரமே கழுவுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளியல் தொட்டியில் சோப்புத்தூள் கரைத்து, ஒவ்வொரு ரோஜாவாகக் கசக்கி, மொட்டைமாடிக் கொடியில் காயப்போடுவார். "வேர்வை நாத்தம் ஏறின மாலைய இன்னொரு பிள்ள கழுத்துல போட்டா அது மாலையா? மாட்டுக் கயிறு" என்பார்.

சிவசங்கரன் வேனை எடுத்தான். தினமும் பெண்களை வீட்டிலிருந்து பாருக்கும் பாரிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோகிற அதே வேன். பரமக்குடிக்காரன், வாய் சும்மா இருக்காது. மலைகளுக்கு நடுவே ரோடு ஏறத் தொடங்கியதும் ஏசியைத் தட்டினான்.

"முதலாளி இருந்தா இந்நேரம், 'டேய், ஏசியக் கூட்டுடா. பிள்ளைக மேக்கப்பு வழிஞ்சா மேசையில இருக்கிறவன் பயந்து எந்திருச்சுப் போயிருவான்'ம்பாரு."

ஹிஃப்ஸா சிரித்தாள். சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. "எனக்குப் பல்லுப் புடுங்கினப்ப அவர்தான் கூட்டிட்டுப் போனார். நான் உள்ளுக்குக் கத்துறேன், வெளிய அவர் அழுறார். என்ட செருப்ப மடியில வச்சிக்கிட்டு."

"தங்கமான மனுசன்."

"தங்கமெண்டு செல்லாதீங்க சிவாண்ணன். என்ட பாஸ்போர்ட்ட நான் மூணு வருஷமாக் கண்ணால காணல்ல."

"செத்துப்போன ஆள இப்பப் போயி..."

"பல்லுக்கு அழுததும் உண்ம. பாஸ்போர்ட்டும் உண்ம. நான் ரெண்டையும் செல்லுவேன்."

 வேன் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பானுமதி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. திண்டுக்கல்லிலிருந்து ஆட வந்தவள். எட்டு வருடம் ஆடினாள். மாலை விழுவது நின்றபோது டிக்கெட் வரும் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். கல்யாணசுந்தரம் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஊருல உனக்காக யாரு ஆத்தா காத்துக்கிட்டு இருக்கா?" என்று கேட்டார். யாருமில்லை. "அப்ப இங்கயே இரு. பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடு, பின்னு குத்தி விடு." ஆறு வருடமாக அதுதான் வேலை.

பெண்களை உள்ளே வைத்துப் பூட்டுவது கல்யாணசுந்தரம் கண்டுபிடித்ததல்ல. அந்தத் தொழிலில் எல்லோரும் செய்தார்கள். வாடிக்கையாளரோடு பேசி ஒருத்தி ஓடிப்போனால் விசா போட்டவன் தலையில் விடியும். அதனால் விடியற்காலையில் பூட்டு, மதியம் மூன்று மணிக்குத் திறப்பு. உள்ளேயிருந்தும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டிய பூட்டு.

இரண்டு கோடைக்கு முன் எதிர்க் கட்டடத்தில் ஒரு ஏசி தீப்பிடித்தது. புகை இந்தப் பக்கம் சுருண்டு வந்தது. பெண்கள் ஜன்னலில் நின்று கத்தினார்கள். கல்யாணசுந்தரம் பாரிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்து திறந்தார். அன்று முழுக்க அவர் டீயைக்கூடத் தொடவில்லை. ஒரு வாரம் கழித்துச் சமையலறைக்கு வந்து, பானுமதியின் கையில் ஒரு சாவியை வைத்து விரல்களை மூடினார்.

"ரெண்டாவது சாவி. தீ ஒண்ணுக்குத்தான். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. உள்ள சாவி இருக்குன்னு தெரிஞ்சா மறுநாளு ஒருத்தி இருக்க மாட்டா. அதவிட, உன்னச் சும்மா விட மாட்டாளுக."

அவள் அதை அரிசி டின்னுக்குள் போட்டாள்.

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு மதியம், மற்றவர்கள் தூங்கும்போது, கதவில் மெல்லத் தட்டும் சத்தம். கல்யாணசுந்தரத்தின் குரல். "பானு... நெஞ்சு வலிக்குது ஆத்தா. சாவி கீழ விழுந்துருச்சு, குனிய முடியல. திற." பானுமதி சாவியை எடுத்து வந்தாள். துவாரத்தில் வைத்தும்விட்டாள். தீ ஒன்றுக்குத்தான் என்ற சொல் கையைப் பிடித்தது. சாவியை உருவிக்கொண்டு, கதவில் சாய்ந்து, வாயைப் பொத்தி நின்றாள். பத்து நிமிடம் அவர் முனகினார். பிறகு பூட்டு வெளியிலிருந்து திரும்பியது. ஒரு கையில் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு, முகமெல்லாம் சிரிப்பாக அவர் நின்றார்.

"பாஸ் பண்ணிட்ட ஆத்தா! இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன். யாரு வந்து என்ன சொன்னாலும் திறக்காத. நானே சொன்னாலும் திறக்காத."

பானுமதிக்கு அழுகை வந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. நாற்பது வருடத்தில் யாரும் அவளை நம்பி ஒரு பொருளைக் கொடுத்ததில்லை. அந்தப் பெருமையைத்தான் இப்போது நினைக்கவே முடியவில்லை.

"அக்கா, ஏன் இப்பிடி வேர்க்குது?" என்றாள் ஹிஃப்ஸா.

"ஒண்ணுமில்லடி. சுரங்கம்."

சுரங்கம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

துபாயில் முஹைஸ்னா பக்கம், உடலைப் பதப்படுத்தி ஊருக்கு அனுப்பும் இடம். வெளியே ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து வந்த நான்கைந்து பேர் கம்பெனிச் சட்டையோடு ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் ஒரு பெட்டி இருந்தது. சம்யுக்தா சுவரோரம் நின்றிருந்தாள். ஒல்லியான பெண். கிளினிக் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்திருந்தாள். பக்கத்தில் ஷ்யாம். பானுமதி கும்பிட்டபோது அவன் அவளுக்குப் பின்னாலிருந்த கதவுக்குத் தலையாட்டினான்.

"வாங்க" என்றாள் சம்யுக்தா.

பெட்டி திறந்திருந்தது. கல்யாணசுந்தரத்துக்கு வெள்ளைத் துணி சுற்றி, தலையை வாரிவிட்டிருந்தார்கள். வகிடு வலது பக்கம் எடுத்திருந்தது. பானுமதியின் கை அவளைக் கேட்காமலே நீண்டது. முடியைக் கலைத்து, விரலால் இடது பக்கம் வகிடு எடுத்துவிட்டாள். நெற்றி ஜில்லென்றிருந்தது. நிமிர்ந்தபோது சம்யுக்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அப்பாவுக்கு..."

"அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. முதலாளி. அவ்வளவுதான். தினம் பதினாலு வருஷம் பாத்த மூஞ்சி."

ஹிஃப்ஸா துணிப்பையிலிருந்து மாலையை எடுத்தாள். எடுத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"இது என்ன?"

"ஆடுற பிள்ளைகளுக்குப் போடுற மாலைம்மா. இது வேணாம்னுதான் நான்..." என்றாள் பானுமதி.

"சம்யு, ப்ளீஸ். ஊர்ல பெட்டிய திறக்கிறப்ப எல்லாரும் பாப்பாங்க" என்றான் ஷ்யாம்.

சம்யுக்தா மாலையை வாங்கினாள். முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். 

"சோப்புத்தூள்" என்றாள். "லீவுக்கு வந்தா எங்க வீட்டுப் பெட்ஷீட் எல்லாம் அப்பாதான் துவைப்பாரு. அம்மா திட்டுவாங்க, ஒரு பாக்கெட்டையும் ஒரே நாள்ல கொட்டிட்டாருன்னு."

மாலையை அப்பாவின் நெஞ்சின் மேல் வைத்து, ஒரு பக்கம் தூக்கியிருந்த ரோஜாவை அழுத்திச் சரிசெய்தாள். ஷ்யாம் வெளியே போய்விட்டான்.

"உங்ககிட்ட கேக்கணும்னு சொன்னேன்ல" என்றாள் சம்யுக்தா. மாலையைப் பார்த்தபடியே பேசினாள். "ஆம்புலன்ஸ்ல வந்தவர்கிட்ட பேசினேன். அவங்க வந்தப்ப உயிர் போயி ரொம்ப நேரம் ஆகலையாம். அப்படின்னா விழுந்த உடனே போகல. ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்திருக்காரு. உதவிக்கு ஆள் இருந்திருந்தா பிழைச்சிருப்பாரு. நான் லேப்ல இருக்கேன், எனக்குத் தெரியும்." நிறுத்தினாள். "போன பார்லயே விட்டுட்டு வந்திருக்காரு. ஆனா அவ்வளவு நேரத்துல குரல் குடுத்து யாரையுமே கூப்பிடலையா?"

பானுமதி நாக்கை ஈரப்படுத்திக்கொண்டாள். "பிள்ளைக தூங்கிட்டு இருந்தாங்கம்மா. நான் சமையக்கட்டுல. மிக்சி ஓடிட்டிருந்துச்சு."

"ம்." சம்யுக்தா தலையாட்டினாள். அந்தப் பதிலை எதிர்பார்த்தவள் போலத்தான் இருந்தாள். "அப்ப நான் நினைச்சதுதான். அன்னைக்கு ரெண்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணாரு. எடுக்கல. ரெண்டு வருஷமாவே எடுக்கல. வலி அப்பவே ஆரம்பிச்சிருக்கும். கடைசியா என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு. நான் எடுத்திருந்தா ஆம்புலன்ஸ அனுப்பியிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. ரிப்போர்ட் படிப்பதுபோலச் சொன்னாள். "கொன்னது நான்தான்."

"அப்பிடிச் சொல்லாதம்மா."

"வேற எப்படிச் சொல்றது?"

இரண்டு மணிக்குக் கல்யாணசுந்தரத்துக்கு வலி எதுவும் இல்லை. அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் அவர் பானுமதிக்கும் போன் செய்து, ஆட்டு ஈரல் வாங்கி வரட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றதும், "அப்ப பட்டினி கிடங்க ஆத்தா" என்று சிரித்தார். மகளுக்கும் ஏதோ சும்மா பேசத்தான் அடித்திருப்பார். இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பெண் நம்பமாட்டாள். யாரையுமே கூப்பிடாமல் செத்தார் என்றால், தன்னைக் கூப்பிட்டதையேதான் அவள் சாகும்வரை எண்ணிக்கொண்டிருப்பாள்.

வெள்ளைக் கோட் போட்ட ஊழியர் உள்ளே எட்டிப் பார்த்தார். "யல்லா, மேடம். பெட்டி பந்த் கரேகா."

"ரெண்டு நிமிஷம், பாய்" என்றாள் சம்யுக்தா. தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். போலீஸ் கொடுத்தது. வாட்ச், ஒரு மோதிரம், ஒரு சாவிக்கொத்து, தனியாக ஒரு சாவி. அந்தத் தனிச்சாவியை வெளியே எடுத்தாள்.

"இது எதோடதுன்னு தெரியல. சட்டைப் பையில இருந்துச்சாம். உங்க வீட்டுதா இருந்தா வச்சுக்கங்க."

பித்தளைச் சாவி. தலையில் ஒரு சின்னத் துளை. பானுமதி அதை வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்க்க முயன்றாள். விரல் வழுக்கியது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். இரண்டு அரிசி மணியும் ஒரு சாவியும் அவள் உள்ளங்கையில் விழுந்தன. அதை சம்யுக்தாவின் கையிலிருந்த சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒரே வெட்டு.

"அக்கா" என்றாள் ஹிஃப்ஸா. அவள் முகம் வெளுத்துவிட்டது. "இது எங்கட கதவுச் சாவி. உங்கட்ட எப்பிடி? எவ்வளவு நாளா உங்கட்ட?"

 பானுமதி திரும்பிப் பெட்டிக்குள் பார்த்தாள். இடது பக்க வகிடு சரியாக நின்றிருந்தது. அவர் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு எழுந்து சிரிக்க இன்னும் நேரம் இருப்பதுபோல ஒரு கணம் காத்தாள். பிறகு சம்யுக்தாவின் முகத்துக்கு நேரே திரும்பினாள்.

"மிக்சி ஓடலம்மா" என்றாள். "கதவு வெளிய பூட்டியிருந்துச்சு. இந்தச் சாவி உள்ள என்கிட்ட இருந்துச்சு. அவரு உன்ன மட்டும் கூப்பிடல. 'பானு, நெஞ்சு வலிக்குது, திற'ன்னு மூணு தடவ கூப்பிட்டாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான்தான் திறக்கல."